பி.ஏ. வரலாறு என்ன விலை?

பிளஸ் டூ தேறியதும், பி.ஏ. வரலாறு படிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அதுல இன்னா இருக்குது?" என்று மட்டும் கேட்டார். தெரிந்துகொள்வதற்காகவே கேட்ட கேள்வி அது.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, மழை பெய்தால் நெல். ஊருக்குக் கிழக்கே பெரிய ஏரி ஒன்று. பள்ளிக்கூடத்தில் பாபர், அக்பர் எல்லாரையும் படித்துவிட்டு வந்து, நம் ஏரியை வெட்டியது யார் என்று ஊரில் விசாரித்தேன். யாரோ ராஜா என்றார் ஒருவர். பாண்டவர்கள் என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரன்தான் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. இத்தனை பேருக்குச் சோறு போடுகிற ஏரியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. வரலாறு படித்தால் தெரியும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஆசைக்கு அதுதான் காரணம். வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

கல்லூரி கடலூரில். படிப்புக்குக் கட்டுகிற பணம் கம்மிதான். விடுதியும் சாப்பாடும்தான் செலவு. அந்த வருஷம் மழை ஏமாற்றிக் கரும்பு காய்ந்துபோனதில் அப்பாவிடம் ஒன்றும் இல்லை. சேர்க்கை முடிந்துவிட்டது. நான் வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன்.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்த, எங்கள் ஊர்க் காலனிச் சிநேகிதி ஒருத்தி அதற்குள் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவளுக்கு அரசு விடுதியும் உதவித்தொகையும் கிடைத்தன. இரண்டே வருஷம், முடித்ததும் வேலை. நீயும் வரலாறு படிக்கலாமே, என்னைவிட உனக்குத்தானே மார்க் ஜாஸ்தி என்று அவளிடம் கேட்டேன்.

"மூணு வருஷம் படிச்சிட்டு அப்புறம் இன்னான்னு நீ யோசிக்கலாம். எங்க வூட்ல யோசிக்கறதுக்கு யாருக்கு நேரம் இருக்குது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

கடைசியில் அப்பா என்னை அவருடைய அக்காவிடம் அழைத்துப் போனார். என் அத்தைக்குக் கள்ளக்குறிச்சியில் புளி வியாபாரம். மாமா லாரி ஓட்டினார். வியாபாரம் முழுக்க அத்தையுடையது. கல்வராயன் மலைக்குப் போய், காய் பிடிக்கிற பருவத்திலேயே மரத்தைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவாள். மாசியில் புளி இறங்கும். வட்டிக்கும் கொடுப்பாள், உறவு, வெளியாள் என்று பார்க்க மாட்டாள்.

அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"பணம் தரேன், பாப்பா. ஆனா தெரியாத சரக்குல நான் பணம் போட்டதில்ல. பி.ஏ. படிச்சவங்கள்லாம் இன்னா சம்பாரிக்கிறாங்க?"

"தெரியாது அத்தை."

"எனக்கும் தெரியாது. வா, கேட்டுப் பாக்கலாம்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளே கிளம்பிவிட்டாள். முதலில் போனது கடைத்தெருவில் மாடி மேல் இருந்த டைப்ரைட்டிங் பள்ளிக்கு. அதை நடத்தியவர் பி.ஏ. என்று பலகையில் போட்டிருந்தார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், "பி.ஏ.வால மாசம் உங்களுக்கு இன்னா வருதுங்க?" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சற்று யோசித்துவிட்டு, "பி.ஏ.வால ஒண்ணும் வரலீங்க. டைப் தெரிஞ்சதால வருது" என்றார். "அப்ப பலகையில எதுக்கு பி.ஏ. போட்டிருக்கீங்க?" "அது இருந்தாதாங்க பொம்பளப் பசங்கள நம்பி அனுப்பறாங்க."

படியிறங்கும்போது அத்தை, "அப்ப அதுக்கும் ஒரு வெல இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர். அவரும் பி.ஏ. சம்பளத்தைக் கேட்டதும் முதலாளி இருக்கிற பக்கம் பார்த்துவிட்டு, துணி எடுக்க வந்தீர்களா என்று கேட்டார். அத்தை ஒரு துண்டு வாங்கினாள். அப்போதும் அவர் சொல்லவில்லை.

"ஆம்பளைங்ககிட்ட சம்பளத்தக் கேக்கலாமா அத்தை?" என்றேன்.

"கேக்காம எப்படித் தெரியும்? மரத்தப் பாத்தா காய் தெரியுது. மனுசன்கிட்ட கேட்டாதான் தெரியும்."

புரட்டாசி பிறந்த சமயம். மரம் பார்க்க மலைக்குப் போனபோது அத்தை என்னையும் அழைத்துக்கொண்டாள். பி.ஏ. வரலாறு படித்த டீச்சர் ஒருவர் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாக, மலைக்குப் போகிற ஜீப்பின் டிரைவர் சொல்லியிருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினோம். கரியாலூருக்கு மேலே சாமைக் கொல்லைகள் பச்சையாக இருந்தன. அத்தை வழியெல்லாம் ஜீப்பை நிறுத்திப் புளியமரங்களை அண்ணாந்து பார்த்து, பிஞ்சை ஒடித்து நகத்தால் கீறிப் பார்த்து, மரத்துக்காரர்களோடு விலை பேசிக்கொண்டே வந்தாள். வெள்ளிமலை போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. மாலை ஜீப்பில் இறங்கிவிடுவதாகத் திட்டம்.

மாலை ஜீப் வரவில்லை. கீழே சாலை மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் நடத்திய போராட்டம் அது. முன்பே ஊர்வலம், ரயில் மறியல் என்று நடந்துகொண்டிருந்தது. இந்த முறை ஒரு வாரம் என்றார்கள். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருப்பதாகவும் ஒரு வண்டியும் போகாது என்றும் கடைசியாக ஏறி வந்த டிரைவர் சொன்னார். அப்பாவும் அதில் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

தங்குவதற்கு இடம் கொடுத்தது அந்த டீச்சர்தான். முப்பது வயதிருக்கும். மதுரைப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். கீழிருந்து வரும் மற்ற ஆசிரியர்கள் மறுநாளிலிருந்து வர முடியாததால், எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். அன்று மாலை எங்களைப் பார்த்ததும் யார், எவர் என்று கேட்காமல், "மொதல்ல காப்பி சாப்பிடுங்க" என்றார்.

காப்பி பாதி இறங்குவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். இந்தப் பொண்ணு உங்க படிப்பு படிக்கணுங்கிது. நான் கடன் குடுக்கணும். உங்களுக்கு இன்னா சம்பளம்?"

டீச்சர் சிரித்துவிட்டார். மறைக்காமல் சொன்னார். ஆயிரத்துச் சொச்சம். மலையில் இருப்பதற்குத் தனியாகக் கொஞ்சம் படி. அத்தை கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள். அவள் முகத்தில் எனக்குக் கல்லூரி வாசல் தெரிந்தது.

"எங்கப்பா வயலை ஒத்திக்கு வச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாரு. மாசாமாசம் அனுப்புறேன். இன்னும் மீட்கலை" என்றார் டீச்சர்.

"மூணு வருச படிப்புக்கா இவ்ளோ கடன்?"

"பி.ஏ. மட்டும் போதாதுங்க. பி.எட். முடிச்சாத்தான் டீச்சர் வேலை. அது ஒரு வருஷம். அப்புறம் வேலைக்குப் பதிஞ்சு வச்சுட்டுக் காத்திருக்கணும். எனக்கு நாலஞ்சு வருஷம் ஆச்சு. இந்த மலைக்கு யாரும் வர மாட்டேன்னாங்க, நான் வர்றேன்னேன். அதனால இப்பவாவது கெடைச்சுது."

அத்தை என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "இத நீ சொல்லவே இல்லியே?"

"எனக்கே இப்பதான் தெரியுது அத்தை."

"நல்லா இருக்குது. வாங்கறவளுக்கும் தெரியல, குடுக்கறவளுக்கும் தெரியல."

அந்த நாட்களில் எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. அத்தை டீச்சரின் அடுப்பைக் கைப்பற்றினாள். நான் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். பள்ளி விட்டதும் டீச்சர் வீட்டு வாசலுக்கு மலைக்காரர்கள் வருவார்கள். காலகாலமாக உழுது வந்த நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு எழுத வேண்டும். டீச்சர் உடனே எழுதிவிட மாட்டார். உங்கள் அப்பா எந்தக் கொல்லையை உழுதார், யாரிடம் வரி கட்டினார், எப்போது நின்றது என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துச் சொல்வார்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், டீச்சருக்கு எரிச்சல் வராது; இன்னும் ஆர்வமாகி இருவரையும் மறுபடி சொல்லச் சொல்வார்.

ஒரு நாள் வந்தவர்கள் ஜாகீர் காலத்தைப் பற்றிப் பேசினார்கள். மலையை ஆண்ட ஜாகீர்தாருக்கு அவர்களுடைய அப்பன்மார் கூலி இல்லாமல் வேலை செய்ததையும், தேனும் கடுக்காயும் புளியும் சுமந்துகொண்டுபோய்க் கொடுத்ததையும் சொன்னார்கள். உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அத்தை கத்தியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"புளிய இன்னா வெலைக்குக் குடுத்தாங்க?"

"வெலையா?" என்று அவர்களில் ஒருவர் சிரித்தார். "குடுத்துட்டு, கும்பிட்டுட்டு வந்தாங்கம்மா."

அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக அந்த மரங்களை விலை பேசுகிறவள். விலையே இல்லாத ஒரு காலம் அவற்றுக்கு இருந்தது என்பதை அப்போதுதான் கேள்விப்படுகிறாள். அன்று சமையல் நான்தான் முடித்தேன்.

போகும்போது அவர்கள் ஒரு பையில் சாமை வைத்துவிட்டுப் போனார்கள். "இதையும் சம்பளத்துல சேத்துக்குங்க டீச்சர்" என்றாள் அத்தை. எனக்கோ, டீச்சர் கேள்வி கேட்ட விதம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வரலாறு என்பது நடந்ததை மனப்பாடம் செய்வது என்று நினைத்திருந்தேன். இது வேறு என்னவோவாக இருந்தது.

ரேடியோவில் வந்த செய்திகள் நன்றாக இல்லை. பல இடங்களில் துப்பாக்கிச் சூடு, சாவு. சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததாகவும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்பாவை நினைத்தும் பயம், என் சிநேகிதியின் வீட்டை நினைத்தும் பயம். வாரக் கடைசியில் ஒரு ஜீப் அடிவாரம் வரை போகத் துணிந்தது. ஏறிக்கொண்டோம். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போவது என்று அத்தை முடிவு செய்தாள்.

வழியெல்லாம் சாலையோரப் புளியமரங்கள் வெட்டுண்டு குறுக்கே கிடந்தன. சிலவற்றைத் தாண்டினோம், சிலவற்றைச் சுற்றிப் போனோம். ஓரிடத்தில் அப்போதுதான் விழுந்த பெரிய மரம் ஒன்று. அதன் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த ஊரு? யாரு வூட்டுப் பொம்பளைங்க?" என்றார் ஒருவர். அத்தை ஊரையும் அப்பா பெயரையும் சொன்னதும் வழிவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு என் சிநேகிதி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அத்தை நகரவில்லை. கிளையைத் தூக்கிப் பிஞ்சுகளைப் பார்த்தாள். "காய் புடிச்ச மரம்பா. இதுகூடவா தெரியல?"

மரத்தின் மேலிருந்த ஒருவர் கீழே குதித்தார். முப்பதை நெருங்கும் வயது. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். "தெரியுங்க. எங்க தாத்தா காலத்து மரம். எங்களுக்கு மட்டும் ஆசையா?"

"இன்னா படிச்சிருக்க?"

"பி.ஏ.ங்க. தமிழ்."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே அடுத்த கேள்வி வந்தது.

"இன்னா சம்பாரிக்கிற?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வேலைவாய்ப்பு ஆபீஸ்ல கார்டு பதிஞ்சி வெச்சிருக்கேன். மூணு வருசத்துக்கு ஒருவாட்டி புதுப்பிச்சிக்கினு இருக்கேன். இதுவரைக்கும் ஒரு இன்டர்வியூ வரல. எங்கப்பாரு எனக்குப் படிக்க வாங்குன கடன இன்னும் கட்டிக்கினு இருக்காரு. நான் அவர் கூட ஏர் ஓட்டறேன்."

"இப்ப கேக்கற பங்கு கெடைச்சா வேல கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"உனக்கா, உன் தம்பிக்கா?"

அவர் கிளையிலிருந்து ஒரு புளியம்பிஞ்சைப் பறித்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வயசு போயிடுமுங்க. தம்பிக்குக் கெடைக்கும்" என்றார். பிறகு எங்கள் பையை வாங்கி, மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, எனக்கும் கை கொடுத்தார். என்ன படிக்கிறாய் என்று என்னைக் கேட்டார். பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிளஸ் டூ முடித்திருக்கிறேன் என்றேன்.

கள்ளக்குறிச்சி எல்லை வரும் வரை அத்தை விழுந்து கிடந்த மரங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். கடன் கிடையாது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"தரேன். பி.எட்.டுக்கும் சேத்து. பாதி வட்டி. வேலைக்குப் போற மாசத்துலேர்ந்து குடு."

"அவ்வளவு கேட்டப்புறமுமா அத்தை?"

"கேட்டதாலதான். டீச்சரம்மா பி.ஏ., பொழைக்கிறாங்க. அந்தப் பையனும் பி.ஏ., பொழைக்கல. அப்ப பி.ஏ.வுல இல்ல விசயம், வேற எதுலயோ இருக்குது. அது இன்னான்னு எனக்குப் பாக்கணும்."

அப்பா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்திருந்தார். காலனிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு இரண்டு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். என் சிநேகிதி விடுமுறைக்கு வந்தபோது நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் பேசிக்கொண்டோம்.

அடுத்த ஆனியில் நான் கடலூர் போனேன். மூன்று வருஷம் நன்றாகப் படித்தேன். ஏரியை வெட்டியது யார் என்பது கல்லூரியிலும் தெரியவில்லை. அதைப் பேராசிரியரிடம் கேட்டபோது, மதகு பக்கம் எழுத்துள்ள கல் ஏதாவது கிடக்கிறதா பார் என்றார். விடுமுறையில் போய்ப் பார்த்தேன். ஒரு கல் கிடந்தது; துணி துவைத்துத் துவைத்து எழுத்து தேய்ந்திருந்தது.

பி.எட். முடித்து வந்தபோது டீச்சர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. பதிந்தேன், காத்திருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். சம்பளம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். அதிலும் அத்தை தன் பங்கை வாங்கிக்கொண்டாள். "கம்மியா இருக்குதே" என்று வருத்தப்படுவாள், ஆனால் வாங்காமல் விட மாட்டாள். பல வருஷம் கழித்து அரசுத் தேர்வு எழுதித் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. அதற்குள் எங்களைப் போன்ற சாதிகளுக்குத் தனி ஒதுக்கீடு வந்திருந்தது. நான் தேர்வானதும் அதில்தான். வேலையில் சேர்ந்த அன்று, மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார். அவருடைய தம்பிக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது.

என் சிநேகிதி அப்போது பல வருஷ சர்வீஸ் ஆன டீச்சர். அப்பா அம்மாவைக் கூலி வேலையிலிருந்து நிறுத்தி, தளம் போட்ட வீடு கட்டியிருந்தாள். ஒரு நாள் அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்து, "உன் பி.ஏ. புஸ்தகம்லாம் இருக்குதா? தபால்ல வரலாறு படிக்கறேன். படிச்சா இன்கிரிமென்ட் வரும்" என்றாள்.

"அன்னிக்கே சொன்னேன், என்கூட வான்னு" என்றேன்.

"அன்னிக்கு வந்திருந்தா உன்ன மாதிரிக் கடன் கட்டிக்கினு இருந்திருப்பேன். கணக்குப் பாத்தா நான்தான் கெலிச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்ன கணக்கில் தப்பே இல்லை.

கடைசித் தவணையைக் கொடுக்கப் போன அன்று அத்தை வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பணத்தை எண்ணி, மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தாள். வாழ்த்து, கண்ணீர் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு பெண் பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவர் மகள், பொருளாதாரம் படிக்கக் கடன் கேட்டு வந்திருக்கிறாள் என்றாள் அத்தை. "நீ சொல்லு அவளுக்கு. சம்பளத்த மறைக்காம சொல்லு."

சொன்னேன். எத்தனை வருஷம் காத்திருந்தேன், தனியார் பள்ளியில் என்ன கொடுத்தார்கள், இப்போது என்ன வருகிறது, வட்டி எவ்வளவு கட்டினேன் எல்லாம். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அது சரிக்கா. அந்த மூணு வருசம் அங்க இன்னா படிச்சீங்க?" என்றாள்.

கல்வெட்டைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மை ஒற்றி எழுத்தை எடுப்பது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன். பேராசிரியர் எங்களை ஒரு கோயிலுக்கு அழைத்துப் போய் முதன்முதலாக அதைச் செய்ய வைத்த நாளைச் சொன்னேன். காகிதத்தில் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு 'க' வந்தபோது நாங்கள் எல்லாரும் கத்தியதைச் சொன்னேன். அத்தை புளி தட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்புறம்? இன்னா எழுதியிருந்துது?" என்றாள்.